மூன்று நூல் குறைந்த நட்சத்திரம்

குவில்ட் டாப் முடிந்துவிட்டது. நேற்று இரவு பதினொன்றரை மணிக்குக் கடைசி பார்டரைத் தைத்து, இஸ்திரி போட்டு, கதவின் மேல் விரித்துத் தொங்கவிட்டேன். அகலம் 55 இஞ்ச், நீளம் 72 இஞ்ச். கருநீலத்தில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்கள். விளக்கை அணைக்க மனமே வரவில்லை.

நான்கு மாதம் ஆகியிருக்கிறது. எனக்கு இது ஐந்தாவது குவில்ட், அதிலும் சுலபமானது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இத்தனை நாள் இழுத்ததற்குக் காரணம் பேட்டர்னில், அதாவது அளவும் செய்முறையும் அச்சிட்ட குறிப்பில், இருந்த இரண்டு தவறுகள். அந்த இரண்டைப் பற்றியும் விவரமாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதலாவது, அளவே தப்பு. இரண்டாவதில் அளவு சரி, ஆனாலும் தப்பு. என்னை அதிகமாகப் படுத்தியது இரண்டாவதுதான்.

குவில்ட் தைக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டு துண்டாக இணைத்த துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட்டிங். மேலே வரும் அந்த ஒட்டுத் துணிக்குப் பேர் டாப். இப்போது முடிந்திருப்பது அது மட்டும்தான். ஆனால் வேலையில் பெரும்பங்கு அதுவேதான்.

இது அக்கா மகளுக்கு. ஒன்பது வயது. நிறத்தை அவளே சொல்லிவிட்டாள். "சித்தி, வானம் நல்லா இருட்டா இருக்கணும். நட்சத்திரம் எல்லாமே மஞ்சள். ஒண்ணுகூட வேற கலர் வேண்டாம்." அவ்வளவு தெளிவாகக் கேட்கிற பிள்ளைக்கு வேறு எப்படிச் செய்வது? கருநீலம் ஒன்று, சின்னச் சின்ன இலை போட்ட மஞ்சள் ஒன்று என்று இரண்டே துணியில் முடித்துவிடத் தீர்மானித்தேன். பேட்டர்னில் சொன்ன அளவுக்கு மஞ்சளும், சொன்னதைவிட அரை மீட்டர் கூடுதலாக நீலமும் எடுத்தேன். எப்போதும் ஏதாவது ஒரு துணியைக் கொஞ்சம் கூட எடுப்பது என் வழக்கம். அந்த அரை மீட்டர்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

டாப்பில் திரும்பத் திரும்ப வருகிற சதுரக் கட்டத்துக்குப் பிளாக் என்று பேர். நான் எடுத்துக்கொண்ட பிளாக் சாடூத் ஸ்டார். எட்டு முனை நட்சத்திரம். தைத்து முடித்தால் 12 இஞ்ச் சதுரம். நடுவில் ஒரு பெரிய சதுரம், நான்கு மூலையில் நான்கு சின்னச் சதுரம், நான்கு பக்கமும் ஃப்ளையிங் கீஸ் என்று சொல்கிற செவ்வகத் துண்டு. அந்தச் செவ்வகத்துக்குள் நடுவில் ஒரு நீல முக்கோணம், இரு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு மஞ்சள் முக்கோணம். எல்லாம் சேர்ந்தால் அந்தச் சிறகுகள்தான் நட்சத்திரத்தின் முனைகள் ஆகும்.

ஃப்ளையிங் கீஸை ஒன்றொன்றாகவும் தைக்கலாம், ஒரே தடவையில் நான்காகவும் தைக்கலாம். பேட்டர்ன் சொன்னது நான்கு வரும் முறை. ஒரு பெரிய நீலச் சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சின்ன மஞ்சள் சதுரங்களை வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இரு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்ட வேண்டும். விரித்து இஸ்திரி போட்டால் இதயம் மாதிரி இரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றிலும் இன்னொரு மஞ்சள் சதுரத்தை வைத்து அதே மாதிரி தைத்து வெட்டினால் மொத்தம் நான்கு. துணி கொஞ்சமும் வீணாகாது. எனக்கு மிகவும் பிடித்த முறை.

பேட்டர்னில் போட்டிருந்த அளவு, பெரிய சதுரம் 7¼ இஞ்ச், சின்னச் சதுரம் 3½ இஞ்ச். ஒரு நட்சத்திரத்துக்குப் பெரியது ஒன்று, சின்னது நான்கு. ஆக 12 நீலம், 48 மஞ்சள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிக்கு நன்றாகக் கஞ்சி ஸ்ப்ரே அடித்து, நான்கு மடிப்பாக அடுக்கி, ரோட்டரி கட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதியத்துக்குள் 60 சதுரமும் வெட்டி அடுக்கியாகிவிட்டது. ஒன்றை வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டு மீதியை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. பளபளவென்று ஒரே அளவில் அடுக்கி வைத்த துணியைப் பார்க்கிற சந்தோஷத்தில் இருந்தேன்.

சாயங்காலம் முதல் நான்கைத் தைத்தேன். இஸ்திரி போட்டு ரூலரை வைத்துப் பார்த்தால் ஏதோ சரியில்லை. நீல முக்கோணத்தின் கூர்முனைக்கு மேலே கால் இஞ்ச் மஞ்சள் இருக்க வேண்டும். அடுத்த தையலுக்குப் போகிற துணி அது. இங்கே முனைக்கு மேலே மஞ்சளே இல்லை. நீல முனை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இதை நடுச் சதுரத்தோடு சேர்த்துத் தைத்தால் முனை மழுங்கிப் போகும், நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்காது.

முதலில் என் தையல்தான் தப்பு என்று நினைத்தேன். பிரித்தேன். சீம் ரிப்பரால் நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், பின்பக்க நூலை இழுத்தால் முழுசாக வந்துவிடும். துணி நோகாது. மறுபடி கோடு பார்த்துத் தைத்தேன். அதே முனை, அதே துருத்தல். மறுபடி பிரித்தேன். மூன்றாவது முறை தைக்கும்போது மஞ்சள் ஓரம் நார்நாராக வரத் தொடங்கியிருந்தது.

அப்புறம்தான் என் கால் இஞ்ச் உண்மையிலேயே கால் இஞ்ச்தானா என்று சோதித்தேன். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அளக்க வேண்டும். சரியாக 1 இஞ்ச் இருந்தால் தையல் சரி. கூட இருந்தால் தையல் மெல்லிசு, குறைந்தால் தடிமன். அளந்தேன். சரியாக 1 இஞ்ச். ஆக, தப்பு என்னிடம் இல்லை.

அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டு மணி நேரம் என் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அச்சில் இருப்பது தப்பாக இருக்காது என்று எப்படியோ ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது.

ஒரு நீலச் சதுரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். எதிரெதிர் மூலைகளில் இரண்டு மஞ்சளை வைத்தேன். இந்தத் தடவை தைக்கவில்லை, பார்த்தேன். இரண்டு மஞ்சளும் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். முன்பு இதே முறையில் தைத்த குவில்ட்டில் அப்படித்தான் ஏறியது, நன்றாக நினைவிருக்கிறது. இங்கே ஏறவும் இல்லை, தொடவும் இல்லை. நடுவில் நீலம் தெரிந்தது. கணக்கும் அதைத்தானே சொல்கிறது? மூன்றரையும் மூன்றரையும் ஏழு. பெரிய சதுரம் ஏழேகால். கால் இஞ்ச் இடைவெளி. முதலிலேயே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு போன் செய்தேன். எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவளே அக்காதான். எந்த அளவையும் நூல் கணக்கில்தான் சொல்வாள். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல்.

"சின்னச் சதுரம் என்ன அளவு போட்டிருக்கு?" என்றாள்.

"மூணரை."

"மூலைச் சதுரம்?"

"அதுவும் மூணரை."

"மூலைக்கு மூணரை சரி. சிறகுக்கு எப்படி மூணரை வரும்? அங்கே குறுக்கே வெட்டுறியே. மூணும் ஏழு நூலும் வேணும்டி."

இந்த ஏழு நூல் எனக்குத் தெரியாதது இல்லை. 3⅞ என்று எத்தனையோ பேட்டர்னில் பார்த்து வெட்டியிருக்கிறேன். ஆனால் ஏன் ஏழு, ஏன் ஆறோ எட்டோ இல்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு அக்கா போனிலேயே விளக்கினாள். தாளில் ஒரு முக்கோணம் வரைந்து பார்க்கச் சொன்னாள்.

சாதாரணச் சதுரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு நூல் தையலுக்கு விடுகிறோம். இரண்டும் இரண்டும் நான்கு, அதாவது அரை இஞ்ச். அதனால்தான் 3 இஞ்ச் மூலைக்கு 3½ வெட்டுகிறோம். முக்கோணத்தில் கதை வேறு. அதற்கு ஒரு நேர் மூலை இருக்கிறது, இரண்டு கூர்முனை இருக்கிறது. நேர் மூலைப் பக்கம் இரண்டு நூல் போதும். கூர்முனைப் பக்கம் போதாது. முக்கோணத்தைச் சுற்றிலும் இரண்டு நூல் தள்ளி ஒரு கோடு வரைந்தால், கூர்முனையில் அந்தக் கோடுகள் உடனே சந்திக்காமல் நீண்டு போய்த்தான் சந்திக்கும். அந்த நீட்டம் கிட்டத்தட்ட ஐந்து நூல். ஆக, ஒரு நேர் மூலையும் ஒரு கூர்முனையும் உள்ள பக்கத்துக்கு இரண்டும் ஐந்தும் ஏழு நூல். இரண்டு முனையும் கூராக இருக்கிற நீளப் பக்கத்துக்கு ஐந்தும் ஐந்தும் பத்து நூல். பத்து நூல் என்றால் 1¼ இஞ்ச். 6 இஞ்ச் அகலமுள்ள கீஸுக்கு ஏன் 7¼ சதுரம் என்பதும் அதிலேயே வந்துவிட்டது.

சரியாகக் கணக்குப் போட்டால் கூர்முனைக்கு ஐந்து நூலுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அந்த மிச்சத்தைத் தைத்தபின் ஒழுங்காக வெட்டிக்கொள்ளலாம். எனக்கு அந்த மிச்சம் முக்கியமாகப் படவில்லை. இரண்டு, ஐந்து என்ற இரண்டே எண்ணில் இத்தனை வருடம் மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணை முழுவதும் அடங்கிவிட்டது. அந்தத் தாளை மெஷினுக்கு நேரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

என் சின்னச் சதுரங்கள் ஒவ்வொன்றிலும் மூன்று நூல் குறைவு. 48 சதுரம். துணியை வெட்டத்தான் முடியும், வளர்க்க முடியாது.

"எல்லாம் வீண்தானா அக்கா?"

"எதுக்கு வீண்? மூணரை வேற ஒரு முறைக்கு கரெக்டான அளவு. அளவை ஒரு முறையில இருந்து எடுத்திருக்காங்க, செய்முறையை இன்னொரு முறையில இருந்து எடுத்திருக்காங்க. ரெண்டையும் பார்க்காம சேர்த்துப் போட்டுட்டாங்க. நீ செய்முறையை மாத்திக்கோ."

அவள் சொன்னது ஒன்றொன்றாகத் தைக்கிற பழைய முறை. 3½க்கு 6½ நீலச் செவ்வகத்தின் ஒரு ஓரத்தில் 3½ மஞ்சள் சதுரத்தை வைத்து, மூலைக்கு மூலை தைத்து, வெளிப்பக்கம் கால் இஞ்ச் விட்டு வெட்டி, மடித்து இஸ்திரி போட வேண்டும். பிறகு அடுத்த ஓரத்தில் இன்னொன்று. இதில் ஒரு நட்சத்திரத்துக்கு எட்டு மஞ்சள் சதுரம் தேவை, மற்றதில் நான்கே போதும். வெட்டிப் போடுகிற மூலைத் துணியும் மீந்துபோகும். அதனால்தான் நான் இந்த முறை பக்கம் போவதே இல்லை. ஆனால் என் கையில் இருந்த துணிக்கு வேறு வழி இல்லை.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சோதனையில் பாழானது போக 44 மஞ்சள், 11 பெரிய நீலம் மிச்சம். ஒவ்வொரு பெரிய நீலத்திலும் இரண்டு செவ்வகம் வெட்டலாம். ஆக 22. கூடுதலாக எடுத்திருந்த அரை மீட்டர் நீலத்திலிருந்து இன்னும் இரண்டு செவ்வகம், மஞ்சளில் இன்னும் நான்கு சதுரம் சேர்த்தால் ஆறு நட்சத்திரம் ஆகிவிடும். மீதி ஆறு நட்சத்திரத்துக்குப் புதிதாக ஆறு பெரிய நீலம், 3⅞ அளவில் 24 மஞ்சள். நீலத்துக்கு அந்த அரை மீட்டரே போதும். மஞ்சளுக்குத்தான் இடித்தது. பார்டருக்கென்று வைத்திருந்த துணியில் கை வைத்தால்தான் முடியும்.

வைத்தேன். மஞ்சள் பார்டர் போயிற்று. அந்த மஞ்சள் இனிமேல் எங்கேயும் கிடைக்காது, அந்த டிசைனையே நிறுத்திவிட்டார்கள். வெட்டும்போது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்டது மஞ்சள் நட்சத்திரம். பார்டர் என்ன நிறம் என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பழைய முறையில் அக்கா இன்னொன்றும் சொன்னாள். மூலையை வெட்டுவதற்கு முன்னால், முதல் தையலுக்கு அரை இஞ்ச் வெளியே தள்ளி இன்னொரு தையல் போட்டுவிடச் சொன்னாள். பிறகு இரண்டு தையலுக்கும் நடுவில் வெட்டினால், வீணாகப் போகிற மூலையே பாதி நீலம் பாதி மஞ்சளாக ஒரு குட்டிச் சதுரமாகக் கையில் வரும். 24 கீஸுக்கு 48 குட்டிச் சதுரம். அப்போது அவற்றை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

பன்னிரண்டு நட்சத்திரமும் தைக்க ஆறு வாரம் ஆனது. வேலைக்குப் போய்வந்து, தினமும் ஒரு மணி நேரம். ஆறு ஒரு முறையில், ஆறு இன்னொரு முறையில். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு எது எது என்று தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு நட்சத்திரத்தில் ஒரு முனை ஒரு நூல் அளவுக்கு மழுங்கியிருக்கிறது. அதைப் பிரிக்கவில்லை. அந்தத் துண்டு பிரித்துத் தைத்தால் தாங்காது.

அப்புறம் அடுக்குவது. நட்சத்திரங்கள் நேராக இல்லாமல் சாய்சதுரமாக, மூலை மேலே வருகிற மாதிரி நிற்கும். அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு என்று நட்சத்திரங்கள், இடையிடையே ஆறு வெற்று நீலச் சதுரம். மொத்தம் 18 பிளாக். தைப்பது குறுக்கு வரிசையாக. முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் மூன்று, பிறகு ஐந்து, ஐந்து, மூன்று, ஒன்று. ஓரங்களில் வருகிற வெற்றிடத்தை நிரப்ப பக்கவாட்டு முக்கோணம் பத்து, மூலை முக்கோணம் நான்கு.

இந்தத் தடவை பேட்டர்னை நம்பவில்லை. சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தேன். பக்கவாட்டு முக்கோணத்துக்கு 12⅞ இஞ்ச் சதுரம் ஐந்து, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டவும் என்று இருந்தது. 12 இஞ்ச் பிளாக், ஏழு நூல் கூட. கணக்கு அச்சாகப் பொருந்தியது. அப்பாடா என்று இருந்தது. ஐந்தையும் வெட்டினேன்.

முதல் இரண்டு வரிசையைத் தைத்து இணைத்துத் தரையில் விரித்தபோது, வெளி ஓரம் தரையில் படியவில்லை. அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கையால் அமுக்கினால் ஒரு பக்கம் அடங்கி இன்னொரு பக்கம் எழுந்தது.

தரையில் உட்கார்ந்து அந்த ஓரத்தை விரலில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி இழுபட்டது. அந்த இழுவையிலேயே புரிந்துவிட்டது. வெளி ஓரம் முழுவதும் கிராஸ்.

துணியின் நேர் இழையில் வெட்டிய ஓரம் இழுபடாது. குறுக்காக, மூலைக்கு மூலை வெட்டிய ஓரம் இழுபடும். கிராஸ் கட்டிங் என்று தையல்காரர்கள் சொல்வது அதுதான். ஒரு சதுரத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டினால், முக்கோணத்தின் இரண்டு சின்னப் பக்கமும் நேர் இழையில் இருக்கும், நீளப் பக்கம் கிராஸில் இருக்கும். பக்கவாட்டு முக்கோணத்தில் வெளியே வருவது அந்த நீளப் பக்கம்தான். அதைப் பிடித்து நிறுத்த வெளியே வேறு துணியும் இல்லை. சரியான வழி, பெரிய சதுரத்தை எடுத்து X மாதிரி இரண்டு குறுக்காக, நான்காக வெட்டுவது. அப்போது சதுரத்தின் பக்கமே முக்கோணத்தின் நீளப் பக்கம் ஆகும், நேர் இழை வெளியே வரும். 12 இஞ்ச் பிளாக்கின் மூலைக்கு மூலை அளவு கிட்டத்தட்ட 17 இஞ்ச். இரண்டு பக்கமும் கூர்முனை, பத்து நூல். 18¼ இஞ்ச் சதுரம் மூன்று எடுத்தால் 12 முக்கோணம், பத்து போக இரண்டு மிச்சம்.

மூலை முக்கோணத்துக்கு மட்டும் சதுரத்தை இரண்டாக வெட்டுவதே சரி. அங்கே வெளியே வருவது சின்னப் பக்கங்கள். பேட்டர்னில் அதற்குப் போட்டிருந்த 9⅜ அளவு சரியாகவே இருந்தது. ஒன்றைச் சரியாகத் தெரிந்தவர் இன்னொன்றில் எப்படித் தவறினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்றைக்குத்தான் மனம் உடைந்துபோயிற்று. முதல் தவறில் எண் தப்பு, கண்டுபிடித்ததும் கோபப்பட ஓர் இடம் இருந்தது. இங்கே எண் சரி. நானே சரிபார்த்தேன். அளவைப் பார்த்த நான் இழையைப் பார்க்கவில்லை. நீலத்தில் 18 இஞ்ச் சதுரம் வெட்டுகிற அளவுக்கு மிச்சமும் இல்லை. எல்லாவற்றையும் மடித்துப் பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மூன்று வாரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திரும்ப இறக்க வைத்தது அவள்தான். விடுமுறைக்கு வந்தவள் முதல் கேள்வியே, "என் வானம் எங்கே சித்தி?" பையை எடுத்துக் கொடுத்தேன். இணைத்த இரண்டு வரிசையையும், தனித்தனியாக இருந்த மீதி நட்சத்திரங்களையும் தரையில் பரப்பினாள். அலை அலையாக நின்ற ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இங்கே மட்டும் ஏன் காத்து அடிக்குது?" என்றாள். பிறகு தானே மறந்துவிட்டு நட்சத்திரங்களை இடம் மாற்ற ஆரம்பித்தாள். இலை பெரிதாகத் தெரிகிற நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சேராமல் பார்த்துக்கொண்டாள். நான் போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக் காட்டினேன். எந்த இடம் வெளுத்து நிற்கிறது என்று அதில் உடனே தெரியும். இரண்டை மாற்றி வைத்தாள். அவ்வளவு அக்கறையாக ஒரு பிள்ளை வேலை செய்யும்போது பையை மறுபடி மேலே வைக்க முடியுமா?

அன்று இரவே தொடங்கினேன். கிராஸ் ஓரம் இருந்தால் குவில்ட் கெட்டுப்போகும் என்று விதி இல்லை. அதை இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்னும் தைக்காத ஆறு முக்கோணங்களையும் தொடுவதற்கு முன்பே கஞ்சி ஸ்ப்ரே அடித்து அட்டை மாதிரி விறைப்பாக்கினேன். பிறகு நீளப் பக்கத்தில், ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி ஒரு நேர்த்தையல் போட்டேன். இந்தத் தையல் எதையும் இணைக்காது, துணி இழுபடாமல் பிடித்து வைக்கும். பார்டர் தைக்கும்போது உள்ளே மறைந்துவிடும். ஏற்கெனவே தைத்துவிட்ட நான்குக்கும் நீராவி காட்டி, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினேன். கொஞ்சம் சுருங்கி வந்தது, முழுசாக இல்லை.

ஆறு வரிசையும் இணைத்தபின் பார்டர். பின்பக்கத்துக்கென்று வைத்திருந்த சாம்பல் நிறத் துணியிலிருந்து 2½ இஞ்ச் பட்டைகள் வெட்டினேன். இந்த இடத்தில் பலரும் செய்கிற ஒன்றைச் செய்யக் கூடாது. பட்டையை நீளமாக வைத்து ஓரத்தோடு தைத்துக்கொண்டே போய், முடிந்த இடத்தில் வெட்டக் கூடாது. இழுபட்ட ஓரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குப் பார்டரும் போய்விடும், அலை நிரந்தரமாகத் தங்கிவிடும். ஓரத்தை அளக்காமல் நடுவை அளக்க வேண்டும். நடுவில் மூன்று இடத்தில் அளந்தேன், நீளம் 68 இஞ்ச். இடது ஓரத்தை அளந்தேன், 69¼. ஒன்றேகால் இஞ்ச் கூடுதல்.

பட்டையைச் சரியாக நடு அளவுக்கு வெட்டினேன். தையலுக்கு இரண்டு முனையிலும் கால் இஞ்ச் கூட. பட்டையையும் ஓரத்தையும் தனித்தனியாகப் பாதியாக, பாதியைப் பாதியாக, அதையும் பாதியாக மடித்துக் குறி வைத்தேன். எட்டுப் பகுதி. குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்தினேன். ஒன்றேகால் இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நூலுக்குச் சற்றே கூட. 69 இஞ்சில் மலைப்பாக இருந்தது, எட்டரை இஞ்சில் ஒரு நூலாக ஆனதும் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டது. தைக்கும்போது தொளதொளப்பான ஓரத்தை அடியிலும் பட்டையை மேலேயும் வைத்தேன். மெஷினின் அடியில் இருக்கிற பற்கள் கீழ்த் துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இழுக்கும், அந்தக் கூடுதல் துணி தானாக உள்ளே போய்விடும். ஒவ்வொரு ஊசியையும் அது வரும்போது எடுத்து, நிதானமாகத் தைத்தேன். நான்கு பக்கத்துக்கும் நான்கு இரவு.

நேற்று இரவு நான்காவது பக்கம். தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, தரையில் விரித்தேன். விளக்கை ஒரு பக்கம் தாழ வைத்துப் பார்த்தேன், அலை இருந்தால் நிழல் விழும் என்று. இடது ஓரத்தில் கை வைத்தால் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. குவில்ட்டிங் போட்டால் அதுவும் அடங்கிவிடும்.

பேட்டர்ன் எழுதியவருக்கு இரண்டு தவறையும் படத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். கோபமாக எழுதவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்தமாகவே எழுதினேன். வெளியிடுவதற்கு முன்னால், எழுதியவரைத் தவிர வேறு ஒருவர் அதை வைத்து ஒரே ஒரு பிளாக் தைத்துப் பார்த்திருந்தால் முதல் தவறு அன்றைக்கே பிடிபட்டிருக்கும். துணியை வெட்டுகிறவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. அளவு எழுதுகிறவர்கள் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக நினைக்கிறேன்.

இன்னும் பஞ்சு அடுக்கு வைக்க வேண்டும், சாம்பல் துணி குறைந்துபோனதால் பின்பக்கத்துக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டும். அது அடுத்த மாதம்.

காலையில் அவள் எழுந்து வந்து கதவில் தொங்கியதைப் பார்த்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பன்னிரண்டு வரை எண்ணினாள். எண்ணி முடித்ததும் அந்த டப்பாவைக் கேட்டாள். 48 குட்டிச் சதுரம். ஒவ்வொன்றையும் 2½ இஞ்சுக்கு ஒழுங்காக வெட்டிக் கொடுத்தேன். வரிசைக்கு ஆறு, எட்டு வரிசை என்று இப்போது தரையில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தைத்தால் 12க்கு 16 இஞ்ச் வரும். அவளுடைய பொம்மைக்குப் போர்வையாம். முதல் இரண்டை அவளே தைப்பதாகச் சொல்லி மெஷின் முன்னால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு வைத்திருக்கிறாள். நான் போய்க் கால் இஞ்ச் எது என்று காட்ட வேண்டும்.